ஐபோன் 15: கையில் 14 இருப்பவர்கள் மாற்றத்தான் வேண்டுமா?

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 15, 2023 செப்டம்பர் 22 அன்று இந்தியாவிலும் அமீரகத்திலும் ஒரே நாளில் விற்பனைக்கு வந்தது. அதற்குள்ளாகவே விடுமுறையில் ஊர் வந்த சகோதரர்கள் சிலரின் கைகளில் அதைப் பார்க்க முடிந்தது. "ஹஜ்ரத், பழசுக்கும் இதுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? மகன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்று நம்மிடம் விசாரித்தவர்களும் உண்டு. (மார்க்க விளக்கத்துக்கு அடுத்தபடியாக நம்மிடம் அதிகம் கேட்கப்படுவது இப்போதெல்லாம் போன் விளக்கம்தான்!) நம் வீட்டில் 14 புழக்கத்தில் இருப்பதால், உறவினர் ஒருவரின் 15ஐ ஒரு வாரம் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். திரை இரண்டிலும் 6.1 அங்குலம். எடை 172 கிராமிலிருந்து 171 ஆகியிருக்கிறது. கையில் பிடித்தால்தான் மாற்றம் தெரிகிறது. ஓரங்கள் சற்று வளைவாக இருப்பதால் உள்ளங்கையை உறுத்துவதில்லை. பின்புறக் கண்ணாடி வழவழப்பை விட்டு மங்கலான பரப்பாகிவிட்டதால் விரல் தடமும் அவ்வளவாகப் படிவதில்லை. ஆனால் 14க்கு வாங்கிய கவர் இதற்குச் சரியாகப் பொருந்தாது.

பெரிய மாற்றம் போனின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. 2012இல் ஐபோன் 5உடன் வந்த லைட்னிங் சார்ஜிங் துளையை நீக்கிவிட்டு, மற்ற போன்களில் எல்லாம் இருக்கும் டைப் சி துளையை வைத்துவிட்டார்கள். ஆப்பிள் தானாக மனம் மாறி இதைச் செய்ததாக யாரும் எண்ண வேண்டாம். தங்கள் நாடுகளில் விற்கப்படும் எல்லா போன்களிலும் 2024 இறுதிக்குள் டைப் சி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் இயற்றியது. அதன் பலன்தான் நம் வீடு வரை வந்திருக்கிறது.

இதை அற்ப விஷயம் என்று ஒதுக்க முடியாது. வாப்பாவிடம் ஒரு ஆண்ட்ராய்டு, உம்மாவிடம் ஒன்று, மருமகளிடம் ஐபோன், பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு டேப் என்று இருக்கும் வீட்டில், "என் வயரை யார் எடுத்தது?" என்ற சத்தம் எழாத நாள் இல்லை. பயணத்திலும் அப்படித்தான். ஐபோன்காரர் ஒருவர் வயரை மறந்துவிட்டால் கூட வந்த பத்துப் பேரிடமும் அவருக்கு உதவ ஒன்றும் இருக்காது. இந்த ஒரு வாரத்தில் வீட்டிலிருந்த ஆண்ட்ராய்டு சார்ஜரையே 15க்கும் போட்டோம். ஒரு குறையும் இல்லை. ஹெட்போன் போன்ற சிறு கருவிகளுக்கு இந்த போனிலிருந்தே கொஞ்சம் சார்ஜ் ஏற்றவும் முடிகிறது.

இதிலும் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் வயர் மட்டும்தான் வரும், சுவரில் மாட்டும் அடாப்டர் வராது. அடுத்து, துளை புதியது என்றாலும் வயர் வழியாகப் படங்களையும் வீடியோக்களையும் கணினிக்கு மாற்றும் வேகம் பழையதுதான், அதாவது நொடிக்கு 480 மெகாபிட். கூடுதல் வேகத்தை 15 புரோவுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

திரையில் கண்ணில் படும் மாற்றம், மேலே இருந்த கறுப்புப் பட்டை போய் அந்த இடத்தில் மாத்திரை வடிவில் ஒரு சிறு தீவு வந்திருப்பது. அழைப்பு, டைமர், டாக்ஸி எங்கே வருகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். 2022இல் 14 புரோவில் வந்ததுதான். இரண்டு நாளில் பழகிவிடுகிறது, மூன்றாம் நாள் மறந்தும் விடுகிறது. அதைவிட நமக்குப் பயன்பட்டது வெளிச்சம். 14இன் திரை அதிகபட்சம் 1200 நிட்ஸ் வரைதான் போகும். 15 வெளியில் 2000 வரை போகிறது. லுஹருக்குப் பள்ளிக்குப் போகும் வழியில், உச்சி வெயிலில் நின்று ஒரு செய்தியைப் படிக்கும்போது கையால் நிழல் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் திரை நகரும் வேகம் இன்னும் 60 ஹெர்ட்ஸ்தான். இருபதாயிரம் ரூபாய்க்குக் குறைந்த ஆண்ட்ராய்டு போன்களே 120 தரும் காலத்தில் இதைக் கஞ்சத்தனம் என்றே சொல்வோம்.

கேமராவில் 12 மெகாபிக்சல் 48 ஆகியிருக்கிறது. எல்லாப் படமும் 48இல் பதிவாவதில்லை. வழக்கமாக 24இல் சேமிக்கிறது. படம் பெரிதாவதால் இடமும் கூடுதலாகப் பிடிக்கும், ஆரம்ப விலைக்குக் கிடைக்கும் கொள்ளளவோ அதே 128 ஜிபி. எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இந்த வித்தியாசம் அநேகமாகத் தெரியாது, ஏனெனில் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது.

நமக்குப் பிடித்தது இரு மடங்கு ஜூம். பெரிய சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு 12 மெகாபிக்சல் படமாகத் தருவதால், 14இல் விரலால் இழுத்துப் பெரிதாக்கும்போது வரும் மங்கல் இதில் இல்லை. கரையான் அரித்த பழைய அரபுத் தமிழ் கிதாபு ஒன்றின் பக்கங்களை இரண்டு போன்களிலும் எடுத்துப் பார்த்தோம். 14இல் ஸபரும் ஸேரும் ஒன்றோடொன்று கலங்கிய சிறிய எழுத்துகள் 15இல் பிரிந்து தெரிந்தன. பழைய ஏடுகளையும் நிக்காஹ் பதிவேடுகளையும் படமெடுத்துப் பாதுகாக்க நினைக்கும் ஜமாஅத்துகளுக்கு இது உண்மையிலேயே உதவும். மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ வசதி இரண்டிலும் இல்லை.

சிப் ஏ15இலிருந்து ஏ16 ஆகியிருக்கிறது. அன்றாட வேலைகளில் நம்மால் வித்தியாசம் காண முடியவில்லை. வீடியோ ஓடும் நேரமாக நிறுவனம் இரண்டுக்கும் சொல்வது 20 மணி நேரமே. பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைக்கும் வசதி மட்டும் 15க்குப் புதிது. நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம். வந்த புதிதில் இந்த வரிசை போன்கள் சூடாவதாகப் புகார் எழுந்தது, அக்டோபர் தொடக்கத்தில் வந்த 17.0.3 மென்பொருளில் அதற்குத் திருத்தம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று, காந்தம் வைத்த கவர்கள் போனின் திசைகாட்டியைத் தடுமாறச் செய்யலாம். வெளியூரில் போனை வைத்து கிப்லா பார்ப்பவர்கள் கவரைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது. இது இரண்டு மாடலுக்கும் பொருந்தும்.

இனி விலை. 2023இல் வந்தபோது 15இன் ஆரம்ப விலை 79,900 ரூபாயாக இருந்தது. அதில் சுமார் 12,000 ரூபாய் ஜிஎஸ்டி. 14, 2022இல் இதே விலைக்கு வந்து, 15 வந்தபோது 69,900க்கு இறங்கியது. அந்த விலையில் புதிதாக வாங்குபவர் 10,000 கூடுதலாகக் கொடுத்து 15ஐ எடுப்பதே சரி என்பது நம் கருத்தாக இருந்தது. 14ஐக் கையில் வைத்துக்கொண்டு மாற்றத் துடிப்பவருக்கோ இதில் அவ்வளவு சரக்கு இல்லை. ஒரு வயருக்காகவும் கொஞ்சம் வெளிச்சத்துக்காகவும், வெயிலில் உழைத்து அனுப்பும் பிள்ளையிடம் போய் நிற்க வேண்டியதில்லை. 11ஐயோ அதற்கு முந்தையதையோ வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பலகையைப் பார்த்து வட்டியில்லாத தவணை என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். பெரும்பாலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அதே அளவு தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறார். கார்டு அறிக்கையில் வட்டி என்றே வரும், அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியும் நம் தலையில் விழும். கடையில் கையெழுத்திடும் முன் இந்த விவரத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டித் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் விற்கப்படும் 14, 15 இரண்டிலும் சிம் கார்டு போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். இந்தியாவில் விற்பதில் ஒரு சிம்மும் ஒரு இ-சிம்மும் போடலாம். ஊர் எண்ணையும் வளைகுடா எண்ணையும் சேர்த்து வைத்திருப்பவர்கள், மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டு வருகிறார் என்றால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.