பசை இல்லை, ஆணி இல்லை... காளான் நூல் பின்னும் பெட்டி!

மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த மாரமங்கலம் பக்கத்துக் காப்பித் தோட்டம்.

மரத்தடியில் கிடக்கும் ஈரச் சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். அடியில் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடுவது தெரியும். சிலந்தி வலை போல இருக்கும். ஒரு சருகைத் தூக்கினால் அதோடு நாலைந்து சருகு சேர்ந்து வரும்!

அவற்றை ஒட்டவைத்தது யார்?

காளான்தான்.

மரமும் பழமும்

நாம் குழம்பு வைக்கும் "குடை" இருக்கிறதே, அது காளானின் முழு உடம்பு அல்ல. மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ, காளானுக்குக் குடை அப்படி. "மரம்" மண்ணுக்குள்ளும் மட்கிய கட்டைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. அதுதான் இந்த நூல். தலைமுடியைவிட மிக மிக மெல்லியது.

மெல்லியதுதான். ஆனால் சாமான்யமானது அல்ல. அமெரிக்காவில் ஓரிகன் காட்டில் ஒரே ஒரு காளானின் நூல் 2,385 ஏக்கர் பரப்பில் பரவிக் கிடக்கிறது. விஞ்ஞானிகள் அளந்து சொன்ன கணக்கு இது!

இந்த நூலை வைத்து இப்போது பெட்டி செய்கிறார்கள். செங்கல் செய்கிறார்கள். செருப்புக்கும் பைக்கும் ஆகிற தோல்கூடச் செய்கிறார்கள்.

செய்வது எப்படி?

வீட்டில் சிப்பிக் காளான் வளர்க்கும் பெண்களுக்கு இதில் முதல் பாதி தெரிந்த வேலை. வைக்கோலை நறுக்கி ஊறவைக்க வேண்டும். வேறு பூஞ்சை வராதபடி ஆவியில் வேகவைக்க வேண்டும். ஆறியதும் காளான் வித்தைக் கலக்க வேண்டும்.

இனிமேல்தான் வித்தியாசம். பையில் அடைக்காமல், வேண்டிய உருவத்தில் உள்ள அச்சில் அடைக்கிறார்கள். அச்சை இருட்டில் வைக்கிறார்கள். நூல் வைக்கோலைத் தின்றுகொண்டே ஓடுகிறது. ஓடும் வழியில் துரும்பையும் துரும்பையும் சேர்த்துப் பின்னுகிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அச்சு முழுவதும் வெள்ளையாகிவிடும்.

அதை எடுத்துச் சூட்டில் உலர்த்துகிறார்கள். நூல் செத்துவிடும். பின்னல் மட்டும் அப்படியே நிற்கும்.

உலர்த்த மறந்துவிட்டால்? பெட்டியில் குடை முளைக்கும்! குழம்புக்கு ஆச்சு, பெட்டி போச்சு.

பசை ஒரு சொட்டுக்கூட வேண்டாம். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கும் "கைட்டின்" என்ற பொருள், காளான் நூலின் சுவரிலும் இருக்கிறது. உறுதி அதிலிருந்து வருகிறது.

கோபுரம் கட்டினார்கள்

அமெரிக்காவில் எபன் பேயர், கேவின் மெக்கின்டயர் என்ற இரண்டு கல்லூரித் தோழர்கள் 2007-ல் இந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். 2014-ல் நியூயார்க் நகரில் டேவிட் பெஞ்சமின் என்ற கட்டடக் கலைஞர், சோளத்தட்டையும் காளான் நூலும் சேர்ந்த 10 ஆயிரம் செங்கல்லை அடுக்கி, 40 அடி உயரக் கோபுரமே எழுப்பிவிட்டார். கோடைகாலம் முழுவதும் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். பிறகு பிரித்து உரமாக்கிவிட்டார்கள்.

நம் பக்கத்திலும் நடந்தது. கொச்சியில் 2016-17 கலைவிழாவை ஒட்டி ஒரு மண்டபம் அமைத்தார்கள். மரச் சட்டத்தின் மேல் தென்னை நார்த்தூளைப் பரப்பி, காளானை வளர விட்டார்கள். சில நாளில் பனி மூடியது போல ஆயிற்று. வெயிலில் மேல்பகுதி காய்ந்து ஓடு போல இறுகியது.

வடக்கே அரியானாவில் "தரக்‌ஷா" என்ற நிறுவனம், வயலில் கொளுத்தும் நெல் தாளை வாங்கி, சாமான் உடையாமல் அனுப்பும் பெட்டிகள் செய்கிறது. கொளுத்தினால் புகை, கொடுத்தால் காசு!

மலைக்கு என்ன லாபம்?

ஏற்காட்டில் 1820 வாக்கில் காப்பி வந்தது. அன்று முதல் தோலும் வருகிறது. உலர்ந்த காப்பிப் பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தோல்தான். அதில் காபீன் இருப்பதால் மாட்டுத் தீவனத்துக்கு நிறையச் சேர்க்க முடியாது. ஆனால் சிப்பிக் காளான் அதிலும் வளர்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

வேலைக்குக் கையும் பழகியிருக்கிறது. தென்னை நார்க் கழிவைச் சிப்பிக் காளானால் மட்கவைக்கும் முறையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டது.

உடனே காளான் வீடு கட்டக் கிளம்பிவிட வேண்டாம்! இந்தச் செங்கல், சுட்ட செங்கல் போலப் பாரம் தாங்காது. நனைந்தால் தண்ணீரை உறிஞ்சும். மலை மழைக்கு ஈடுகொடுக்காது.

பெட்டிக்கு அந்தக் கவலை குறைவு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டுக்கும் குவளைக்கும் தடை. ஆனால் டெலிவிஷன் பெட்டியைச் சுற்றி வரும் தெர்மாகோல் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. காற்றில் பறந்து ஓடையில் விழுந்தால், ஆண்டுக்கணக்கில் மட்காது.

முட்டுக்கட்டை விலைதான். தெர்மாகோல் மலிவு; இதற்கோ ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், ஆவிக்கும் உலர்த்தவும் விறகோ மின்சாரமோ வேண்டும். மலையில் காப்பி அறுவடை மழைக்குப் பின், குளிர் மாதங்களில் நடக்கிறது. தோல் குவிவதும் அப்போதுதான். களத்து வெயில் பாதி ஈரத்தை இழுத்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் அடுப்பு.