கோட்டம் எடுத்தல்

நுழையும்முன்

ஒரு பொருள் பழுதுற்றதும் அதனை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது இன்று பெருகிவரும் வழக்கம். பழுதின் காரணத்தை அறிந்து, கையிலுள்ளதைக் கொண்டே சீர்செய்வது நம் முன்னோர் கைக்கொண்ட வழக்கம். அதில் பொதிந்துள்ள அறிவைப் பழைய மிதிவண்டியின் வழியே காண்போம்.

கைத்திறனும் மதிப்பும்

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியின் மரச்சிற்பக் கலை புவிசார் குறியீடு பெற்றது. சிற்பியின் கைத்திறனைப் போற்றுகிறோம். அதே ஊரிலும் பிற ஊர்களிலும் பழைய மிதிவண்டியை ஓடச்செய்யும் கைகளின் திறனையோ நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் மிதிவண்டிகளை உருவாக்கியது. அக்கால வண்டிகளின் உறுப்புகள் பெரும்பாலும் கழற்றிப் பூட்டத்தக்கவை. எனவே, ஓர் உறுப்பு தேய்ந்தால் அதனை மட்டும் சீர்செய்ய இயன்றது.

வீட்டுப் பட்டறை

டயர் கிழிந்தால், பழைய டயரில் வெட்டிய துண்டினை உட்புறம் வைப்பர். டியூப் கிழிசல் வழியே பிதுங்காது. மிதிகட்டைத் தண்டினை இறுக்கும் ஆப்பு தேய்ந்து ஆடினால், மெல்லிய தகரத்துண்டைச் செருகி இடைவெளியை நிரப்புவர். சக்கர அச்சின் இரும்புக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிய கிரீசு தடவுவர்.

இவற்றுள் நுட்பமானது ‘கோட்டம் எடுத்தல்’ ஆகும். பழைய பெரிய வண்டிகளின் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என ஆரக்கம்பிகள் அமைந்திருக்கும். சுமை மிகுதியும் பின்சக்கரத்தைச் சார்வதே இவ்வேறுபாட்டின் காரணம். சக்கரம் இடப்புறம் வளைந்தால், அவ்விடத்து வலப்பக்கக் கம்பிகளைச் சற்றே முறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். ஒரே கம்பியை மிகுதியாக முறுக்கினால் வளைவு வேறிடத்தில் தோன்றும்.

கோட்டம் என்பது வளைவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சொல்லிலும் உள்ளத்திலும் நேரும் வளைவை நடுவுநிலைமை அதிகாரத்தில் திருவள்ளுவர் இச்சொல்லாலேயே குறித்தார். குறளின் சொல் மிதிவண்டிக் கடையில் இன்றும் வழங்குவது நாம் மகிழத்தக்கது.

நெருக்கடியில் துணை

இவ்வறிவு ஒரு மக்கள் கூட்டத்தையே தாங்கிய காலமும் உண்டு. 1990இல் ஈழத்தில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்திற்கு எரிபொருள், மின்கலம் முதலியன செல்வது தடைபட்டது, மின்சாரமும் இல்லை. அந்நாளில் துவிச்சக்கரவண்டியே மக்களின் முதன்மை ஊர்தியாயிற்று. விளக்கெரிக்கப் பொருத்திய டைனமோவைச் சுழற்றி, அதில் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்திகளைக் கேட்டனர். ஓர் உறுப்பின் இயக்கத்தை அறிந்தவரே அதனை வேறொரு பயனுக்குத் திருப்ப வல்லவர்.

எல்லை அறிதல்

எனினும், எல்லாப் பழுதுக்கும் மாற்றுவழி தேடலாகாது. தேய்ந்த பிரேக் கட்டையையும் விரிசல் கண்ட முன்கவையையும் மாற்றியே ஆகவேண்டும். அங்குச் சிக்கனம் உயிருக்கு ஊறு விளைக்கும். எதைச் சீர்செய்யலாம், எதை மாற்ற வேண்டும் எனப் பகுத்துணர்வதே பழுதுபார்க்கும் கலையின் முதிர்ச்சி. உங்கள் வீட்டில் பழைய மிதிவண்டி ஒன்று சுவரில் சாய்ந்திருந்தால், அதன் சக்கரத்தை ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். கோட்டம் எங்கே என்பது கண்ணுக்குப் புலப்படும்.