மார்க்காவைக் காப்பாற்றுவோம்



நம் தொழிலில் சரக்கு பாதி, மார்க்கா பாதி. எங்கள் துவரம்பருப்பு மூட்டையில் நாற்பது ஆண்டுகளாக இருப்பது ஐந்துமுகக் குத்துவிளக்கு. படிக்கத் தெரியாத தாய்மார்களும் “விளக்கு மார்க் பருப்பு” என்றே கேட்டு வாங்குவார்கள். அந்த விளக்கே ஒருமுறை எங்களைக் கைவிடப் பார்த்தது.

விளக்கை வரைந்து கொடுத்தவர் உள்ளூரில் போர்டு எழுதிய ஓவியர். அவர் வரைந்த தாளும் பிலிமும் பழைய அச்சகத்திலேயே இருந்தன. அச்சகத்தை மூடியபோது அவற்றைக் கேட்டு வாங்க எங்களுக்குத் தோன்றவில்லை. மிஞ்சியது கம்ப்யூட்டரில் கிடந்த சிறிய ஜேபெக் படம் ஒன்றுதான். புதுச் சாக்கு அச்சடிக்க அதையே கொடுத்தனுப்பினோம். வந்த சாக்கில் விளக்கின் விளிம்பெல்லாம் ரம்பப் பல். இரண்டு சுடர்கள் ஒட்டிக்கொண்டு ஐந்துமுகம் நான்குமுகம் ஆகியிருந்தது. வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், “அண்ணாச்சி, வாடிக்கைக்காரர்கள் இதைப் போலி என்கிறார்கள்” என்று இருபது மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே இருந்ததோ அதே பருப்பு!

டிசைன் செய்யும் தம்பி ஒருவர் காரணத்தை விளக்கினார். ஜேபெக் படம் என்பது பிக்சல் எனும் புள்ளிகளின் கூட்டம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். எங்கள் படத்தின் அகலம் 600 புள்ளிகள். 2 அங்குல லேபிளுக்கு அது போதும். 15 அங்குலச் சாக்குக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 40 புள்ளிகள்தான் கிடைக்கும்.

வெக்டார் படம் வேறு வகை. அதில் புள்ளி இல்லை. கோடும் வளைவும் கணக்காகப் பதிவாகியிருக்கும். தீப்பெட்டி அளவானாலும் லாரித் தார்ப்பாய் அளவானாலும் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கின்படி புதிதாக வரையும். ஒரு சுடரின் நிறத்தை மட்டும் தனியே மாற்றவும் முடியும்.

பழைய படத்தை இப்படி மாற்றக் கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய மென்பொருள்கள் உள்ளன. இங்க்ஸ்கேப் இலவசமாகவே கிடைக்கிறது. ‘டிரேஸ்’ என்ற கட்டளை கொடுத்தால் கருப்பும் வெளுப்பும் சேரும் எல்லையைத் தேடி அதுவே கோடு போடும். ஆனால் படத்தில் அழுக்கு இருந்தால் அழுக்கையும் சேர்த்தே வரைந்துவிடும். ஆகவே பழைய பில் புத்தகம் ஒன்றைத் தேடியெடுத்து, அதன் தலைப்பில் தெளிவாக இருந்த விளக்கை 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தோம். அதைக் கீழே வைத்து அந்தத் தம்பி மேலே கையாலேயே கோடு போட்டார். இரண்டு நாள் வேலை. ஐந்து சுடர்களும் திரும்பி வந்தன.

இதில் நாம் கற்றவை சில:

1. ஜேபெக் படத்தைப் பிடிஎப் கோப்புக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு ‘வெக்டார்’ என்பாரும் உண்டு. திரையில் பல மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது பழைய படமேதான்.

2. தமிழ் எழுத்துகளை டிரேஸ் செய்ய வேண்டாம். புதிதாக டைப் செய்யச் சொல்லுங்கள். அச்சகத்தாரிடம் அதே எழுத்துரு இல்லையென்றால் எழுத்து குழம்பிவிடும். ஆகவே எழுத்தைக் கோட்டு வடிவாக மாற்றிய பிரதி அச்சகத்துக்கு. மாற்றாத பிரதி நமக்கு. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி போட வேண்டிய எடை, விலை, முகவரி ஆகியவற்றைத் திருத்த அது வேண்டும்.

3. படத்தை அழகுபடுத்துகிறேன் என்று மாற்ற விடாதீர்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த மார்க்காவைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். பதிவிலுள்ள படமும் சாக்கிலுள்ள படமும் ஒன்றாக இருப்பதே நல்லது.

4. டிசைனுக்குப் பணம் கொடுக்கும்போதே எஸ்விஜி, பிடிஎப் இரண்டிலும் கோப்பைக் கேட்டு வாங்கி, இரண்டு இடங்களில் வையுங்கள்.

கடைப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். கடையின் முகமான மார்க்காவை மட்டும் அடுத்தவர் கம்ப்யூட்டரில் விட்டுவைக்கலாமா? இன்றே தேடி வாங்கி வையுங்கள்.