குரலைக் காக்கும் மார்க்கம்

குரல்வளைப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பலிக்காமற்போனால், குரல்வளை முழுவதையும் எடுத்துவிடுவதொன்றே கதி என்று பலர் கருதுகிறார்கள். 1873-ஆம் வருஷம் வியன்னாவில் பில்ராத் என்னும் ரண வைத்தியர் இந்நோய்க்காக முதன்முதல் அவ்வாறு செய்தார். உயிர் தப்பினும் கழுத்திலிட்ட துவாரத்தின் வழியே சுவாசிக்க வேண்டும். இயற்கைக் குரல் போய்விடும். நியாயஸ்தலத்தில் நாவால் பிழைத்த நமக்கு இந்த நஷ்டத்தின் அளவை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 1959-ல் அதே ஆஸ்திரியாவைச் சேர்ந்த மேயர், ரீடர் என்னும் இருவர் வேறொரு மார்க்கத்தை வெளியிட்டனர். குரல் நாண்களையும் அவற்றைச் சூழ்ந்த குருத்தெலும்பையும் நீக்கிவிட்டு, அடியிலுள்ள கிரிக்காய்டு வளையத்தை நாவடி எலும்போடு சேர்த்துத் தைப்பது அதன் முறை. வளையத்தின்மேல் அசைந்துகொடுக்கும் சிறு குருத்தெலும்புகள் இரண்டில் ஒன்றேனும் மிஞ்ச வேண்டும். கரகரத்த குரலாயினும் பேச்சு உண்டு. நிரந்தரத் துவாரம் இல்லை. பிற்காலத்தில் பாரிஸ் வைத்தியர்கள், கதிர் பலிக்காத நோயாளிகள் சிலருக்கும் இதைச் செய்து காட்டினர்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நோய் அவ்வளையத்தைப் பற்றியிருந்தாலும், சுவாசப்பை பலவீனமாயிருந்தாலும் கூடாது. உணவு புரையேறும் அபாயம் உண்டு. கதிர்பட்ட சதை மெதுவாகவே ஆறும். தகுதி பாராமல் ஆசைகாட்டுவது தவறு. தகுதியை ஆராயாமலே முழுவதையும் எடுப்பதையும் நியாயமென்று நாம் ஒப்பமாட்டோம். சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குமுன் இரண்டு மார்க்கங்களையும் நோயாளிக்கு எடுத்துரைக்குமாறு வைத்தியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.