காரின் கூரையை வெட்டலாமா?

அபிராமபுரத்திலோ அதை அடுத்த மயிலாப்பூரிலோ பழைய வீடு ஒன்றைக் கடந்து செல்லும்போது, கார் ஷெட்டுக்குள் துணி போர்த்திய பழைய கார் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது பேரனின் பொறுப்பில் நிற்பது. பேரனுக்கு ஓர் ஆசை. வெளிநாட்டுப் படங்களில் வருவது போல் அதன் கூரையைத் தாழ்த்த வேண்டும். அல்லது கூரையையே எடுத்துவிட்டுத் திறந்த காராக்க வேண்டும். "தகரம்தானே! அறுத்து ஒட்டினால் ஆயிற்று" என்று நினைக்கிறான். அந்தப் பேரன் நீங்களாகவும் இருக்கலாம். ரம்பத்தை எடுப்பதற்கு முன், காரின் கூரை என்ன வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

எங்கே தொடங்கியது?

கூரையைத் தாழ்த்தும் வழக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தது. 1930களில் அங்குள்ள வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வேகப் பந்தயத்துக்கு ஓட்டினார்கள். வேகம் கூடக் கூடக் காற்றின் தடை கார்களைப் பின்னுக்கு இழுத்தது. இத்தடை, காரின் முன்புறப் பரப்பையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. அதாவது மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இருக்கும் தடை, 90 கி.மீ. வேகத்தில் ஒன்பது மடங்காகிவிடும். என்ஜினை மாற்றாமல் தடையைக் குறைக்க எளிய வழி என்ன? கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் வெட்டி எடுத்துவிட்டுக் கூரையைக் கீழே இறக்குவதே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காரின் முன்புறப் பரப்பு 1.8 சதுர மீட்டர் என்று கொள்வோம். கண்ணாடிப் பகுதியின் அகலம் 1.2 மீட்டர். கூரையை 10 செ.மீ. இறக்கினால் குறையும் பரப்பு 0.12 சதுர மீட்டர். அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு. பந்தய வேகத்தில் இது பெரிய லாபம். சி.பி. ராமசாமி சாலையின் நெரிசலில் ஊர்ந்து செல்லும் காருக்கோ இதனால் யாதொரு பயனும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலும் இது வேகத்துக்காக என்பது போய், அழகுக்காக என்றாகிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் பட்டறை நடத்திய ஜார்ஜ், சாம் பாரிஸ் சகோதரர்கள் கூரை தாழ்த்திய மெர்க்குரி கார்களால் பெயர் பெற்றார்கள்.

கூரை வெறும் மூடியா?

இதை அறிய ஒரு சோதனை செய்யலாம். செருப்புக் கடையில் தரும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் இரு முனைகளையும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவது போல் முறுக்குங்கள். எளிதில் முறுகும். இப்போது மூடியைப் போட்டு நாற்புறமும் பசை நாடாவால் ஒட்டுங்கள். மீண்டும் முறுக்கிப் பாருங்கள். அதே அட்டைதான், ஆனால் பெட்டி அசைய மறுக்கிறது அல்லவா?

மற்றொரு சோதனை. தடித்த தாள் ஒன்றைக் குழாயாகச் சுருட்டி, ஓரத்தை ஒட்டிக் காயவிடுங்கள். அதை முறுக்குவது கடினம். பிறகு கத்தரிக்கோலால் நீளவாக்கில் ஒரே ஒரு வெட்டு வெட்டுங்கள். தாள் துளியும் குறையவில்லை. ஆயினும் குழாயின் விறைப்பு அடியோடு போய்விடும். மெல்லிய தகட்டுக் குழாய்க்கு இதைக் கணக்கிடலாம். ஆரத்தைத் தகட்டின் தடிமனால் வகுத்து, இருமடியாக்கி, மூன்றால் பெருக்குங்கள். ஆரம் 20 மி.மீ., தடிமன் 1 மி.மீ. என்றால், முழுக் குழாய் பிளந்த குழாயைவிட முறுக்கத்தை 1200 மடங்கு எதிர்த்து நிற்கும்!

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் லாரிக்கு இருப்பது போன்ற தனியான அடிச்சட்டம் இல்லை. தரை, பக்கங்கள், தூண்கள், கூரை எல்லாம் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக அமைந்தவை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது கார் முழுவதும் முறுகப் பார்க்கிறது. அதைத் தடுப்பதில் கூரைக்கும் தூண்களுக்கும் பங்கு உண்டு. இத்தகைய காரில் கூரையை அறுத்து எறிவது, ஒட்டிய மூடியைப் பிய்ப்பதற்குச் சமம். கதவுகள் சரியாகச் சாத்தாமல் போவதே முதல் அறிகுறி. பிறகு நடுப்பகுதி தொய்யத் தொடங்கும். கார் கவிழ்ந்தால் தலைக்கு மேல் காப்பும் இல்லை.

ஹெரால்டின் கதை

ஆனால் எல்லாக் கார்களும் இப்படி அல்ல. நம் சென்னையிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. நகரின் தெற்கே வண்டலூரை ஒட்டி இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரைத் தயாரித்தது. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலியர்.

மற்ற நிறுவனங்கள் ஒற்றைக் கூட்டு அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஹெரால்டு மட்டும் தனி அடிச்சட்டத்தோடு வந்தது ஏன்? முழு உடலையும் ஒன்றாகச் செய்து தரக்கூடிய ஆலை ஒன்று போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. எனவே உடலைத் துண்டு துண்டாகச் செய்து, போல்ட்டுகளால் ஒரு சட்டத்தின்மேல் பூட்டும்படி வடிவமைத்தார்கள். இரண்டு கதவு ஹெரால்டின் கூரையும் அப்படிப் பூட்டப்பட்டதே. அதே அடிப்பகுதியை வைத்து இங்கிலாந்தில் திறந்த காரும் செய்து விற்றார்கள். பாரத்தைச் சட்டம் சுமப்பதால், கூரையைக் கழற்றினாலும் கார் மடிந்துவிடாது. விறைப்பு ஓரளவு குறையும், கவிழ்ந்தால் காப்பு இராது என்பவை மட்டும் இங்கும் உண்மை. ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: கழற்றியதை மீண்டும் பூட்டலாம், அறுத்ததைப் பழையபடி ஆக்க முடியாது.

தாழ்த்துவதில் உள்ள சிக்கல்

கூரையை எடுக்காமல் தாழ்த்த மட்டும் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். தூண்கள் செங்குத்தாக நின்றால் வேலை எளிது. 1930களின் ஃபோர்டு கார்களில் அவை ஏறக்குறைய அப்படித்தான் நின்றன. பிற்காலக் கார்களிலோ முன்தூண் பின்னோக்கியும் பின்தூண் முன்னோக்கியும் சாய்ந்திருக்கும். முன்தூணின் சாய்வு செங்குத்திலிருந்து 30 பாகை, பின்தூணின் சாய்வு 45 பாகை என்று கொள்வோம். 8 செ.மீ. வெட்டி இறக்கினால், முன்தூணின் மேல்துண்டு கீழ்த்துண்டுக்கு 4.6 செ.மீ. பின்னால் போய் நிற்கும். பின்தூணின் மேல்துண்டு 8 செ.மீ. முன்னால் நிற்கும். ஆக, கூரை 12.6 செ.மீ. குட்டையாகிவிடுகிறது! கூரையைக் குறுக்கே வெட்டி, இடையில் தகடு சேர்த்து நீட்ட வேண்டும். டேன்ஜென்ட் அட்டவணை தெரிந்த மாணவர் இதைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது வெப்பம். ஒரு மீட்டர் எஃகுத் தகட்டை 500 பாகை செல்சியஸ் சூடேற்றினால் 6 மி.மீ. நீளும். பற்றவைக்கும்போது ஒரு கோடு மட்டும் சூடாகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதை நீளவிடாமல் நெருக்குகிறது. நெருக்குண்ட பகுதி ஆறும்போது முன்னிலும் குறுகி, தகட்டை இழுத்து நெளியச் செய்கிறது. அதனால்தான் தேர்ந்த டிங்கரிங் தொழிலாளி ஒரே ஓட்டமாகப் பற்றவைப்பதில்லை. இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று வைத்து ஆறவிட்டுத் தொடர்கிறார்.

தூணும் உள்ளீடற்ற ஒரு குழாயே என்பதை மறக்கக் கூடாது. வெளித்தகட்டை மட்டும் ஒட்டி, உட்தகட்டை விட்டுவிட்டால் அது பிளந்த காகிதக் குழாய்தான். உள்ளே ஒரு தகட்டைச் செருகி, சுற்றிலும் இடைவெளியின்றிப் பற்றவைக்க வேண்டும். வெப்பத்தில் உள்பூச்சு கருகிவிடுவதால், கடற்காற்று வீசும் அபிராமபுரம் போன்ற இடத்தில் உப்பும் ஈரமும் தூணை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்; உள்ளே தூண் அரித்துக்கொண்டிருக்கும்.

கண்ணாடியையும் பாருங்கள். கடினமாக்கப்பட்ட கண்ணாடியின் மேற்புறம் அமுக்கத்திலும் உட்புறம் இழுப்பிலும் இருக்கும். அதை அறுக்க முயன்றால் முழுதும் மணிமணியாகச் சிதறிவிடும். நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டைக் கண்ணாடியை மட்டுமே பொறுமையாக அறுக்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மேலும் 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அவை தம் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். சட்டத்திலோ உடற்கூட்டிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தாத்தாவின் கார் இத்தனை ஆண்டு காத்திருந்து பெறும் அந்தத் தகுதியை ஒரு பிற்பகலில் ரம்பத்தால் இழந்துவிடலாம்.

அப்படியானால் ஆசையை என்ன செய்வது? காரை அளந்து, பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் மாதிரி செய்யுங்கள். அதன் கூரையை வெட்டுங்கள், இறக்குங்கள், ஒட்டுங்கள், முறுக்கிப் பாருங்கள். எங்கே தளர்கிறது, எங்கே தாங்குகிறது என்று உங்கள் விரல்களே சொல்லிவிடும். அதற்குப் பிறகு கார் ஷெட்டுக்குப் போய்த் துணியை விலக்கிப் பாருங்கள். வெறும் தகரமாகத் தெரிந்த கூரை, காரைத் தாங்கும் ஓர் எலும்பாகத் தெரியும்.