வைக்கோல் கட்டும் மெஷின்: செயினை மட்டும் மாற்றினால் போதாது

போன ஐப்பசியில் சின்னமனூர் பக்கம் ஒரு வயலில் எங்கள் மெஷின் பாதிக் கட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. நெல் அறுத்து மூன்று நாள். மலைப்பக்கம் மேகம் இறங்குகிறது. வயல்காரருக்கு அவசரம், அடுத்த நடவுக்குத் தண்ணீர் விடணும். "நாளைக்குள்ள எடுக்கலைன்னா கொளுத்திருவேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடமலைக்குண்டில் எனக்கு நெல் கிடையாது. மாட்டுக்கும் மூடாக்குக்கும் வைக்கோல் வேண்டுமென்றால் கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான் போகணும். அதற்காக ஆறு பேர் சேர்ந்து பழைய உருளைக் கட்டு மெஷின் ஒன்று வாங்கினோம். வங்கியில் இருந்தபோது இந்த மாதிரி எத்தனையோ கருவிகளுக்குக் கடன் எழுதியிருக்கிறேன். விலைப்பட்டியலைப் பார்ப்பேன், ஈட்டைப் பார்ப்பேன். ஒரு நாளும் செயினைப் பார்த்ததில்லை.

டிராக்டரின் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. அது நீளத் தண்டு வழியாகக் கியர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து பக்கவாட்டில் உள்ள பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் வருகிறது. செயின்தான் உருளைகளைச் சுற்றுகிறது. உருளைகள் வைக்கோலைச் சுருட்டுகின்றன. கட்டு சேரச் சேரச் சுமை ஏறும். கடைசியில் இறுகும் நேரத்தில்தான் முழுச் சுமையும் செயின் மேல் விழும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அரிவாளையே மழுங்க வைக்கிற தாள் அது. அந்தத் தூசி செயினுக்குள் புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

எங்கள் மெஷின் ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. கட்டு தளர்வாக வந்தது. இறுகும்போது "டக், டக்" என்று ஒரு சத்தம். அது செயின் பல்லைத் தாண்டுகிற சத்தம். தண்டில் ஒரு போல்ட் இருக்கிறது, சுமை மிஞ்சினால் தான் முறிந்து மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே போட்டது. அது அடிக்கடி முறிகிறதே என்று யாரோ கெட்டி போல்ட்டாகப் போட்டு வைத்திருந்தார்கள். போல்ட் தாங்கியது, செயின் அறுந்தது. நல்லவேளை, கியர் பெட்டி தப்பித்தது.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை; ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியும் புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. இதை வீட்டு டேப்பிலேயே அளக்கலாம். எங்களுடையது 80 நம்பர் செயின், ஊசிக்கு ஊசி 1 அங்குலம். உள்கண்ணி, வெளிக்கண்ணி எல்லாம் சேர்த்து 12 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் புதுசில் 12 அங்குலம் வரும். 60 நம்பர் என்றால் 16 கண்ணிக்கு 12 அங்குலம். 12¼ அங்குலத்தைத் தொட்டுவிட்டால் மாற்ற வேண்டியதுதான். எங்களுடையது 12 அங்குலமும் மூன்று நூலும் இருந்தது. இதற்குமுன் ஒரு கண்ணியை வெட்டிச் சுருக்கிய அடையாளமும் தெரிந்தது.

அவசரத்தில் நான் செய்த தப்பு, தேனிக்கு ஆள் அனுப்பிச் செயினை மட்டும் வாங்கி மாட்டினது. அன்றைக்கு வேலை ஓடியது. மூன்றாம் நாள் பழையபடி டக், டக். பட்டறைக்காரர் பல்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். "பல்லு பாருங்க சார், கொக்கி மாதிரி வளஞ்சிருக்கு. புதுச் செயினு இதுல எப்படி உக்காரும்?" தேய்ந்த சக்கரம் புதுச் செயினையும் சீக்கிரமே தன் அளவுக்குக் கெடுத்துவிடும். ஆகவே இரண்டாம் தடவை செயினும் எல்லாப் பல்சக்கரங்களும் சேர்ந்தே மாறின. ஒரு செயினின் விலை தண்டம்.

சக்கரத்தைக் கழற்றின கையோடு உருளைகளின் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். உருளையைக் கையால் சுற்றினால் நறநறக்கக் கூடாது. கம்பியால் நெம்பினால் ஆடக் கூடாது. பேரிங்கின் மேல் பொறித்த எண்ணைக் கடைக்காரரிடம் காட்டினால் போதும். தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள சாவி ஆடினால் தகரத்தை மடித்துச் செருகாதீர்கள், லேத்தில் புதுச் சாவி வெட்டி வாங்குங்கள். சக்கரங்கள் எல்லாம் ஒரே நேரில் நிற்கிறதா என்று ஒரு சரடை இழுத்துப் பிடித்தாலே தெரியும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்கணும், சைக்கிளில் பார்த்திருப்பீர்கள். இழுவையை அளவுக்கு மீறி முறுக்க வேண்டாம். 2 அடி நீளத்துக்கு அரை அங்குலம் தொய்வு இருக்கட்டும். முதல் பத்துக் கட்டு முடிந்ததும் மறுபடி பாருங்கள், புதுச் செயின் கொஞ்சம் இளகும்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டிராக்டரை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பி.டி.ஓ. தண்டைக் கழற்றிய பிறகுதான் கை வைக்கணும். பின்கதவைத் தூக்கியிருந்தால் அதன் பூட்டையும் போடணும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் தலையை விடக் கூடாது. இவ்வளவும் செய்தும் ஒன்றை விட்டுவிட்டேன். செயினை மாட்டும்போது மறுபக்கம் நின்று, ஒரு வார்த்தை சொல்லாமல் உருளையைத் திருப்பினேன். அந்தப் பக்கம் எங்கள் ஓட்டுநர் தம்பியின் விரல் சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே இருந்தது. நகத்தோடு போயிற்று. "பரவால்லங்கய்யா" என்று அவன்தான் எனக்குச் சமாதானம் சொன்னான். இப்போது யார் திருப்பினாலும் "கை எடுத்தாச்சா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் திருப்புகிறோம்.

எண்ணெய் விஷயத்தில் என் இயற்கை வேளாண்மை ஆர்வம் கொஞ்சம் தோற்றது. ஆமணக்கு எண்ணெய் ஒரு காலத்தில் எஞ்சினுக்கே ஊற்றியதுதானே என்று செயினுக்குத் தடவினேன். தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கும், மாடு தின்கிற வைக்கோலிலும் சொட்டும். இப்போது சாயங்காலம் வேலை முடிந்து செயின் சூடாக இருக்கும்போதே பிரஷ்ஷால் தூசி தட்டி, சுத்தமான கியர் ஆயிலைக் கண்ணிகளுக்கு நடுவே சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைக்கிறோம்.

சின்னமனூர் வயலில் முக்கால்வாசி வைக்கோல் எடுத்தோம். மீதி மழையில் நனைந்தது. நனைந்ததைக் கட்டினால் உள்ளே பூசணம் பிடிக்கும் என்று விட்டுவிட்டோம். வயல்காரர் கொளுத்தவில்லை, சாணிக் கரைசலைத் தெளித்துச் சேற்றோடு உழுதுவிட்டார். பங்குனியில் அடுத்த அறுவடைக்கு மெஷின் போகணும். போன வாரம் அளந்தேன்: 12 அங்குலம், அரை நூல்.