சட்டி கைமாறிய இடம்

1986 தை மாதம். திண்டிவனத்தை ஒட்டிய ஒரு கிராமப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நாங்கள் முப்பத்தெட்டுப் பேர், புதுச்சேரி பஸ்ஸில் ஏறி மொரட்டாண்டியில் இறங்கினோம். அங்கிருந்து இரும்பை, இடையஞ்சாவடி வழியாக ஆரோவில்லுக்கு நடை. ஆளுக்கு 8 ரூபாய் கட்டியிருந்தோம். தூக்கில் புளிச்சோறு இருந்தது. இந்த ஆண்டு தை மாதம் அதே பள்ளியின் ஒன்பதாம் வகுப்பை ஆசிரியனாக அழைத்துச் சென்றேன். வாடகைப் பேருந்து, ஆளுக்கு 450 ரூபாய், பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய. அன்று காலைப் பொழுதை விழுங்கிய வழியை இன்று சில நிமிடங்களில் கடந்தோம்.

அந்த நடையில் எனக்கு மறக்காதது வெயில். நட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டான மரங்கள் திட்டுத்திட்டாக நின்றன. நடுவே செம்மண் வெட்டவெளி, தனித்தனிப் பனைகள், மழைநீர் அரித்துப் பிளந்த ஓடைகள். ஓடைகளின் குறுக்கே மண்கரை போட்டிருந்தார்கள். எதற்கென்று எங்களுக்குப் புரியவில்லை. சம்பந்தர் பாடிய தலமான இரும்பை மாகாளத்துக் கோயில் வாசலில் எங்கள் தமிழாசிரியர் கடுவெளிச் சித்தர் கதையைச் சொன்னார். அவமானப்பட்ட சித்தரின் சாபத்தால் இந்தப் பக்கம் வறண்டது, தூரதேசத்து மனிதர்கள் வந்துதான் மறுபடி பச்சையாகும் என்பது ஊரார் சொல்லும் கதை. கரைகள் எதற்கென்று பின்னாளில் அறிந்துகொண்டேன். பெய்கிற மழையை ஓடவிடாமல் நிறுத்தினால்தான் அந்த மண்ணில் கன்று பிழைக்கும்.

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் கொண்டுவந்த பிடிமண்ணைத் தாமரை மொட்டு வடிவச் சலவைக்கல் தாழியில் இட்டுத் தொடங்கிய ஊர் ஆரோவில். அன்னை மிர்ரா அல்ஃபாசா எண்ணியது 50,000 பேர் வாழும் நகரம். வரைபடம் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் போட்டது. நாங்கள் போனபோது அங்கே இருந்தவர்கள் சில நூறு பேர். இன்று 3,000-க்கும் மேல். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் அதிகம் பேர் இந்தியர்கள், அடுத்து பிரெஞ்சுக்காரர்கள்.

ஆரோவில்லின் நடுவில் உள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திர் அன்று சாரத்துக்குள் நின்ற ஒரு கான்கிரீட் எலும்புக்கூடு. 1971-இல் அடிக்கல் நாட்டியும் வேலை முடியவில்லை. அருகில் போய் அண்ணாந்து பார்த்தோம். அங்கிருந்தவர் ஒருவர், விருப்பமிருந்தால் கைகொடுக்கலாம் என்றார். ஆசிரியர் தலையசைத்ததும் வரிசையில் நின்றோம். ஜல்லி நிறைந்த இரும்புச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போனது. காலிச் சட்டி இன்னொரு வரிசையில் கீழே வந்தது. வெள்ளைக்காரர்களும் அதைச் சட்டி என்றே சொன்னார்கள். எனக்கு வலப்புறம் நரைத்த தாடிக்காரர், இடப்புறம் இடையஞ்சாவடி அம்மா ஒருவர். “கெட்டியா புடி தம்பி, கால்ல உட்டுடாத” என்று அந்த அம்மா ஒவ்வொரு சட்டிக்கும் சொன்னார். ஒரு மணி நேரம்தான். உள்ளங்கை சிவந்து, மறுநாள் பேனா பிடிக்க வலித்தது. அந்தக் கட்டடம் எதைக் குறிக்கிறது என்று அன்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. ஆனாலும் அதில் எங்கள் கைபட்ட ஜல்லி இருக்கிறது என்ற நினைப்பு முப்பத்தெட்டுப் பேருக்கும் இருந்தது.

இந்த முறை பார்வையாளர் மையத்தில் பேருந்தை நிறுத்தினோம். குறும்படம் பார்த்தோம், இலவச அனுமதிச் சீட்டு வாங்கினோம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்து பார்வை மேடைக்குப் போனோம். தூரத்தில் பொன் உருண்டை. 36 மீட்டர் விட்டம், 1,400-க்கும் மேற்பட்ட தங்கத் தட்டுகள், சுற்றிலும் பன்னிரண்டு இதழ்கள். உள்ளே 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள பளிங்குக் கோளத்தின் மீது மேலிருந்து ஒற்றைக் கதிர் விழும் என்று படத்தில் காட்டினார்கள். பிள்ளைகள் வரிசையாகப் படமெடுத்தார்கள். மேடையில் நாங்கள் நின்றது பன்னிரண்டு நிமிடம்.

“சார், உள்ள போக முடியாதா?” என்றாள் ஒரு மாணவி. உள்ளே அமர முன்பதிவு வேண்டும் என்றேன். அந்த ஏற்பாட்டை நான் குறைகூற மாட்டேன். சுற்றுலாக் கூட்டம் முழுவதையும் உள்ளே விட்டால் அங்கே மௌனம் இருக்காது. மௌனத்துக்காகவே கட்டிய இடம் அது. “அப்ப இது கோயில் இல்லையா சார்?” என்று இன்னொருவன். இல்லை, அங்கே சிலையும் பூசையும் கிடையாது, ஆரோவில்லுக்கு அடிப்படையான ஸ்ரீ அரவிந்தரின் போதனை ஒரு மதமல்ல என்று 1982-இல் உச்ச நீதிமன்றமே பெரும்பான்மைத் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது என்றேன். எங்கள் ஆசிரியர் இதையெல்லாம் சொன்னதில்லை. இன்றைய மாணவர் அன்றைய எங்களைவிட அதிகம் தெரிந்துகொண்டு திரும்புகிறார். அதைப் பெரிய லாபமாகவே எண்ணுகிறேன்.

அதைவிடப் பெரிய லாபம் நிழல். அந்த ஒரு கிலோமீட்டரில் யாரும் தொப்பி தேடவில்லை. ஆரோவில்காரர்கள் முதலில் ஆஸ்திரேலிய அகேசியா போன்ற விரைந்து வளரும் மரங்களை வைத்து மண்ணைக் காத்தார்கள். பிறகு கோயில் காடுகளில் ஒதுங்கிக் கிடந்த நம் மரங்களின் விதைகளைப் பொறுக்கி வந்து வளர்த்தார்கள். கருங்காலியும் வீரையும் பாலையும் அப்படித் திரும்பின. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது, காடு மீண்டது. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது ஊர் இரண்டுபட்டு வழக்கு நீதிமன்றம் போனது. நகரத் திட்டமும் தொடக்க எண்ணத்தில் உள்ளதுதான் என்பது உண்மை. ஆனால் அந்தச் செம்மண்ணில் வெயிலோடு நடந்தவன் நான். அங்கே ஒரு மரம் வெட்டுப்பட்டால் எனக்கு வலிக்கிறது.

சுற்றியுள்ள ஊர்களும் மாறின. குயிலாப்பாளையத்தில் அன்று டீக்கடைதான் உண்டு. இன்று பேக்கரிகள், விருந்தினர் விடுதிகள், வார இறுதியில் நகரமுடியாத வாகன நெரிசல். அன்று சட்டி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் படித்து வேலையில் இருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு மனை வாங்குவது இன்று அவர்களில் பலருக்கு எட்டாது.

திரும்பும் வழியில் பேருந்தில் எல்லோரும் கைப்பேசியில் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல படங்கள்தாம். சிவந்த உள்ளங்கை ஒன்றுகூட இல்லை.

மாத்ரிமந்திர் 2008-இலேயே முடிந்துவிட்டது. அங்கே இனிச் சட்டி சுமக்க வழியில்லை. காட்டு வேலை முடியவில்லை. 2003 முதல் நடக்கும் சாதனா ஃபாரஸ்ட் போன்ற இடங்களில் தன்னார்வலர்கள் இன்றும் குழி எடுக்கிறார்கள், கரை போடுகிறார்கள், கன்று வைக்கிறார்கள். பிள்ளைகளை ஆரோவில்லுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்வை மேடையோடு திரும்பிவிடாதீர்கள். அரை நாள் மண்வேலைக்கு இடம் கிடைக்குமா என்று ஒரு மாதம் முன்னதாக எழுதிக் கேளுங்கள். அடுத்த தை மாதப் பயணத்துக்காக நானும் எழுதியிருக்கிறேன்.